பன்னெண்டாவது இழுப்பு

ஏல சிங்கங்களா, எந்திரிச்சாச்சா, இல்ல இன்னும் சாரத்தத் தலையோட இழுத்து மூடிக்கிட்டுத்தான் கெடக்கியளா? கபடி டீமுல என்னையும் தொரையையும் விட்டா அஞ்சு பேரு, ஒருத்தன் வரல. ஆனா வாட்ஸப் குரூப்பத் தொறந்தா விடிஞ்சதுலேர்ந்து கும்புடுத கையா வந்து விழுது. சோலி இல்லாம எண்ணிப் பாத்தேன், நாப்பத்திரெண்டு கை. ஏல லாசரு, நீ மட்டும் பதினொண்ணு போட்டிருக்க. அதுல ஒண்ணக் கழட்டித் தொரைக்கு மாட்டி உட்டிருந்தா டாக்டருக்கும் வேல மிச்சம், பயலும் இந்நேரம் வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டுக் கெடப்பான். சரி, ஏசல. வந்தாலும் இங்கன என்ன பண்ணப் போறிய. ஆப்பரேசன் தியேட்டர் வாசல்ல நாலு நாற்காலிதான் கெடக்கு. அதுல ஒண்ணுக்குக் காலு ஆடுது, அதுல நான். பக்கத்துல தொரையோட அக்கா மாரிக்கனி. அந்தப் பக்கம் ஒரு பெரியவரு வாயத் தொறந்து வச்சிட்டு ஒறங்குதாரு, அவருக்கு யாரு உள்ள இருக்காவளோ. ஒம்போதே காலுக்குத் தொரைய உள்ள கொண்டு போனாவ, இப்பம் ஒம்போது அம்பது. போறதுக்கு முன்னால அந்தப் பச்சைச் சட்டையோட தள்ளுவண்டில மல்லாக்கக் கெடந்துக்கிட்டு, ஏல எபி, எதாவது சொல்லுல, வாய் பேசாம நிக்காத, எனக்கு ஒரு மாதிரியா வருதுன்னான். நான் சொன்னேன், தொரை, எந்தப் பக்கத் தோளுன்னு அவங்ககிட்ட ஒருக்கா சொல்லிரு, பேனாவால அம்பு போட்டிருக்காவ, அதப் பாத்து பாத்ரூமு அந்தப் பக்கம்னு நெனைச்சிரப் போறாவன்னு. சிரிச்சான் மக்கா. நல்லாத்தான் சிரிச்சான். சிரிக்கும்போது மனுசனுக்கு ரெண்டு தோளும் குலுங்குமா இல்லையா, எனக்கு இத்தன வருசமா அது தெரியவே தெரியாது, இன்னைக்குத்தான் பாத்தேன். அவனுக்கு எடது தோளு மட்டும் குலுங்குச்சு. வலது பாட்டுக்கு யாரோ வச்சிட்டுப் போன சாமான் மாதிரி சும்மா கெடந்துச்சு.

அந்தத் தோளு எனக்கு நல்லாத் தெரியும்ல, என் தோளவிட நல்லாத் தெரியும். மொத தரம் கழண்டது மூணு வருசத்துக்கு முந்தி, பாடிட்டுப் போயி நடுக்கோட்டுக்குக் கைய நீட்டும்போது ஒருத்தன் மேல உழுந்தான். நீட்டுன கை அப்படியே பின்னால போச்சு, எந்திரிச்சா தோளு இருக்க எடத்துல பள்ளம், அக்குளுக்குக் கிட்ட ஒரு முண்டு. நீங்க எல்லாவனும் ஓடி ஒளிஞ்சிய, ஞாபகம் இருக்கா, ஒருத்தன் வாந்தியே எடுத்தான், பேரு சொல்லல. நான் போன்ல ஒரு வீடியோ பாத்திருந்தேன், அவ்வளவுதான் என் படிப்பு. மல்லாக்கப் போட்டு, செருப்பக் கழட்டிட்டு, என் குதிங்கால அவன் அக்குளுக்குள்ள முட்டுக் குடுத்து, மணிக்கட்ட ரெண்டு கையால புடிச்சிப் பைய இழுத்தேன். டொக். அந்தச் சத்தம் இருக்கே, சோடா பாட்டில் கோலி உள்ள போற சத்தம், கேட்டதும் அவன் மூஞ்சில ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, என் வாழ்க்கையில என்னாலன்னு ஒருத்தன் மூஞ்சில வெளிச்சம் வந்தது அது ஒண்ணுதான். பாலிடெக்னிக்குல ஏழு பேப்பர் அரியர் வச்சிட்டு ஓடி வந்தவன், எங்க அப்பா கடையில பழைய டயரு மாதிரி மூலையில கெடந்தவன், அன்னையிலேர்ந்து டாக்டர். நீங்கதான பேரு வச்சிய. எதுத்த டீமுக்காரனுக்குச் சுண்டுவெரலு பெசகுனாக்கூட டாக்டர் எபனேசரக் கூப்புடுன்னு மைக்குல சொன்னாவ. அப்புறம் கழண்டுக்கிட்டே இருந்துச்சு. நாலு, அஞ்சு, ஏழு. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, நான் யாருக்கும் சொன்னதில்ல. வலியில இருக்கவன் ஒடம்பு முறுக்கிக்கிட்டு நிக்கும், அப்பம் இழுத்தா வராது. அவனச் சிரிக்க வைக்கணும். ஒரு செகண்டு சிரிச்சான்னா தோளு எளகும், அந்த ஒரு செகண்டுலதான் இழுக்கணும். என் வாயிதான் மயக்க ஊசி. ஊரே ஒதவாத வாயின்னு சொன்ன வாயி. ஒவ்வொரு தரத்துக்கும் புதுசா ஒண்ணு யோசிச்சு வச்சிருப்பேன், மேச்சுக்கு மொத நாளே, ஷூ எடுத்து வைக்கது மாதிரி, எலாஸ்டிக் பேண்டேஜு சுத்தி மேல பனியனப் போட்டு உடுவோம்லா, அது மாதிரி. டைம் அவுட்டு முடியதுக்குள்ள பய மறுபடியும் பாடப் போயிருவான். பதினோரு தரம். அதுக்கு நடுவுல, அஞ்சாவது தரமோ என்னவோ, ஒரு எலும்பு டாக்டர்ட்ட போனோம். அவரு அப்பமே சொன்னாரு, உள்ள இருக்க ஜவ்வுதான் கிழிஞ்சிருக்கு தம்பி, ஓட்டை போட்டு நாலு நூலு வச்சித் தைச்சிரலாம், ஆறு மாசம் ஆடக்கூடாதுன்னு. வெளிய வந்து தொரை என்னைய பாக்கான். நான் சொன்னேன், ஆறு மாசமா, அவருக்கு ஆறு மாசம் ஆவுறது எனக்கு ஆறு செகண்டு, எவரு பெரிய டாக்டர்னு நீயே சொல்லுன்னு. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரிச்சிக்கிட்டே வந்தோம். பரோட்டா தின்னோம். நல்ல சால்னா.

பத்து இருவது. கதவுக்கு மேல செவப்பு லைட்டு எரியுது. மாரிக்கனி அக்கா மடியில ஒரு பிளாஸ்டிக் பை, அதுல தொரையோட செருப்பு, சட்டை, அறுத்து எடுத்த அரணாக்கயிறு. கயித்த மட்டும் வெளிய எடுத்து வெரலுல சுத்துதா, அவுக்கா, சுத்துதா. பீடி சுத்துத வெரலு, சும்மா இருக்காது. அக்கா மேச்சுக்கு வந்ததே இல்ல, தோள இழுத்துப் போடுதது நான்னு தொரை வீட்டுல சொன்னதும் இல்ல. அக்கா, காப்பி குடிக்கியளான்னு கேட்டேன், தலைய ஆட்டுனா, ஆமாவா இல்லையான்னு தெரியல. டாக்டர் நேத்து எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சி வெளக்குனாரு. தோளுங்கிறது ஒரு சின்னத் தட்டுல ஒரு எலுமிச்சம்பழம் உக்காந்திருக்க மாதிரியாம், தட்டுக்கு விளிம்பு இருக்க வரைக்கும் பழம் உருளாதாம். இவனுக்கு ஒவ்வொரு தரம் கழண்டு ஏறும்போதும் விளிம்பு தேஞ்சிக்கிட்டே வந்திருக்கு, கடைசித் தரத்துல ஒடஞ்சே போச்சு. இப்பம் நூலு வச்சித் தைக்கதெல்லாம் ஆவாது. தோளுக்கு முன்பக்கம் இருக்க ஒரு எலும்பத் துண்டா வெட்டி, அது கூட ஒட்டியிருக்க சதையோட கொண்டு வந்து, விளிம்பு ஒடஞ்ச எடத்துல ரெண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்குவாராம். கபடி ஆடுதவன், ரக்பி ஆடுதவன்னு மோதி ஆடுத பயலுவளுக்கு இதுதான் நிக்குமாம். எனக்குக் கேக்க நல்லா இருந்துச்சு, எங்க அப்பா கடையில ரிம்மு ஒடஞ்சா பத்த வைக்கது மாதிரிதான்னு சொல்ல வாயி வந்துச்சு, அக்கா மூஞ்சியப் பாத்து முழுங்கிட்டேன். அதோட விட்டா சரி. அதுக்கப்புறம் நரம்பப் பத்திச் சொன்னாரு. தோளச் சுத்தி ஒரு நரம்பு போவுதாம், கையத் தூக்கச் சொல்லுதது அதுதானாம், அது கடைசித் தரம் இழுபட்டுச் செத்தது மாதிரிக் கெடக்காம். தொரைக்குத் தோளுக்கு மேல ஒரு உள்ளங்கை அளவுக்குத் தொட்டா தெரியல, கை நெஞ்சுக்கு மேல எழும்பல. நரம்பு முழிக்கட்டும்னு காத்திருக்கவும் முடியல, ஒறக்கத்துல பொரண்டு படுத்தாலே தோளு கழலப் பாக்குது. எலும்ப நான் நிப்பாட்டிருவேம்மா, நரம்பு முழிக்குமான்னு தொறந்து பாத்தாத்தான் கொஞ்சம் சொல்ல முடியும்னாரு. சூன் மாசம் மெட்ராஸ்ல ஒரு பேங்க் டீமுக்கு கேம்ப்பு. தொரைய வரச் சொல்லியிருக்காவ, அதுல தேறுனா வேல. எங்க ஊருல பேங்க்ல வேல பாத்தவன் எவனும் கெடையாது, பேங்க் வாசல்ல நின்னவந்தான் உண்டு. சூன் முடியாது, அது அக்காவுக்கே தெரியும். நரம்பு முழிச்சா அடுத்த வருசம் கூப்பிடுவாவளா இருக்கும். முழிக்கலைன்னா ஆடவும் முடியாது, தலையில ஒரு சுமை தூக்கி வைக்க முடியாது, சட்டை மாட்ட முடியாது. இருவத்திரெண்டு வயசு. டாக்டர் நேத்து அவங்கிட்ட கேட்டாரு, கடைசியா யாருப்பா இத ஏத்துனதுன்னு. நான் பக்கத்துலதான் நிக்கேன். தொரை என்னைய பாக்கவே இல்ல. நானே ஏத்திக்கிட்டேன் சார், வேப்ப மரத்துல சாஞ்சின்னான்.

பத்தே முக்காலுக்கு லிப்டுலேர்ந்து ஒருத்தன் எறங்குனான். கையில ஒரு பையில ஆப்பிளு, வெட்டிச் செலவுக்குக் காசில்லாத மூஞ்சி, புதுச் சட்டையில மடிப்பு கலையல. எனக்கு மொதல்ல ஆளு வெளங்கல, ஜெர்சி இல்லாமப் பாத்ததில்லைலா. செட்டிவிளை டீமு, சங்கரலிங்கம், வலது கார்னரு. பொங்கல் பைனல்ல தொரையோட கணுக்காலப் புடிச்சவன். ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கான். நீங்க வரல, அவன் வந்திருக்கான், கேட்டுக்கிடுங்க. வந்து அக்கா முன்னால நின்னுட்டு, யக்கா, நான்தான், எப்பிடி இருக்கானு பாத்துட்டுப் போலாம்னு, அப்படின்னு இழுக்கான். அக்காவுக்கு ஒரு செகண்டு ஆச்சு. அப்புறம் எந்திரிச்சா. ஏ பாவி, நீயா, என் தம்பி கைய ஒடிச்சிட்டு பழம் கொண்டுக்கிட்டு வாரியோ, ஒன் கை வெளங்குமா, ஒரு கோப்பைக்காவ இப்படி ஒரு பயலத் தொழிலுக்கு ஆவாதவனா ஆக்கிட்டியே, நீ நல்லா இருப்பியா, ஒங்க வீட்டுல ஒனக்கு அக்கா தங்கச்சி கெடையாதா. ஒறங்குன பெரியவரு முழிச்சிட்டாரு. நர்ஸு எட்டிப் பாத்து, சத்தம் போடாதீங்கன்னா. அவன், நான் காலத்தான் புடிச்சேன்கா, சாமி சத்தியமா காலத்தான் புடிச்சேன்னு ரெண்டு தரம் சொன்னான். அப்புறம் என்னைய பாத்தான். ஒனக்குத் தெரியும்லாங்கிற பார்வை. தெரியும் மக்கா. நல்லாத் தெரியும். சுத்தமான புடி அது, நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன், நம்ம லாசரு அப்படி ஒரு புடி புடிச்சா தலையில தூக்கி வச்சி ஆடியிருப்போம். சொல்லியிருக்கலாம். அக்கா, இவன் ஒண்ணும் பண்ணல. அஞ்சு வார்த்தைகூட இல்ல. பேசாம இருந்தாக்கூடப் பரவால்ல, நான் என்ன பண்ணுனேன் தெரியுமா, எந்திரிச்சி அவன் தோளப் புடிச்சி, சரி நீ போ, அக்கா மனசு சரியில்லைன்னு லிப்டு வரைக்கும் கொண்டு விட்டேன், பெரிய மனுசன் மாதிரி. அவன் ஆப்பிளப் பைய நாற்காலிக்கு அடியில வச்சிட்டுப் போறான். லிப்டுக் கதவு மூடுத வரைக்கும் தலையத் தூக்கல. திரும்பி வந்தா அக்கா என் கையப் புடிச்சிக்கிட்டு, நீ ஒருத்தன் இருக்கப் போயிதான் எபி எங்களுக்கு ஒரு தெம்புங்கா. அக்கா கை சூடா இருக்கு. பொகையில வாசம். எனக்குக் கைய உருவவும் முடியல, வச்சிருக்கவும் முடியல.

காலத்தான் புடிச்சான். காலப் புடிச்சான், தொரை நடுக்கோட்டுக்குத் தாவுனான், வலது கை நீண்டு கோட்டத் தொட்டுச்சு, முதுகுல இன்னொருத்தன் உழுந்தான், அது எல்லா மேச்சுலயும் நடக்கதுதான். பொங்கலுக்கு மூணாம் நாளு, மத்தியானம் மூணு மணி வெயிலு, செம்மண்ணுல தண்ணி தெளிச்சது காஞ்சி போயி கெடக்கு, இருவத்தேழு இருவத்தெட்டு, நாம ஒரு பாயிண்டு பின்னால. அது வரைக்கும் நெனைச்சா வருது. அதுக்கப்புறம் எதையாவது நெனைச்சிருதேன். மைக்குக்காரரு குரல நெனைக்கேன். ஐஸ்க்காரரு மணிய நெனைக்கேன். நாற்காலிக் காலு ஆடுது, ஒரு பேப்பர மடிச்சி அண்டக் குடுத்தா நிக்கும். பந்தலுக்குக் கீழ முன் வரிசையில பேங்க் டீமுக்கு ஆளெடுக்க மெட்ராஸ்லேர்ந்து வந்த செலக்டர், வெள்ளச் சட்டை, மடியில நோட்டு, தொரையப் பாக்க வந்தவரு. தொரை கீழ கெடக்கான். நான் ஓடுனேன், நீங்க எல்லாரும் வழி விட்டிய, டாக்டர் வாராருன்னு எவனோ கத்துனான், கூட்டம் சிரிச்சிச்சு. குனிஞ்சி பாத்தேன். எப்பமும் கழண்டா அவன் பல்லக் கடிச்சிக்கிட்டு வெரசா பண்ணுலம்பான். அன்னைக்கு அப்படி இல்ல. மூஞ்சி வெளுத்து, ஒதடு காஞ்சி, எபி, இது வேற மாதிரி இருக்கு, கை மரத்துட்டுல, வெரலு இருக்கது தெரியல, வேணாம்னான். அது ஒரு தரம். மணிக்கட்டப் புடிச்சேன். வேணாம்ல, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னான். அது ரெண்டு. டைம் அவுட்டு ஓடுது. பந்தலப் பாத்தேன். அந்த ஆளு நோட்ட மூடி மடியில வச்சிட்டு, பக்கத்துல இருந்தவருகிட்ட என்னவோ கேக்காரு, ஒரு காலு கீழ வச்சாச்சு, எந்திரிக்கப் போறாரு. எபி, இழுக்காத, அம்மாமேல சத்தியமா சொல்லுதேன் இழுக்காதன்னான். மூணு. நான் குதிங்கால அக்குளுல வச்சேன். சரி இழுக்கல, ஆனா ஒண்ணு கேளு, பந்தல்ல லாசரு அம்மா எதுத்த டீமுக்குக் கைத்தட்டுது, ஏன்னு கேட்டா, நம்ம பயலுவ ஜெர்சி தொவச்சித் தொவச்சி வெறுத்துட்டேன், தோத்தாச்சும் தொலையட்டும்ங்கு அப்படின்னேன். அவனுக்குச் சிரிப்பு வரக்கூடாது. அந்த வலியில, அந்தப் பயத்துல, எவனுக்கும் வராது. ஆனா நான் சொல்லி அவன் சிரிக்காம இருந்ததே இல்லையே மக்கா, சின்ன வயசுலேர்ந்து, அவன் ஒடம்புக்குப் பழகிட்டு. மூக்கால ஒரு காத்து விட்டான், அவ்வளவுதான் சிரிப்பு. இழுத்தேன். டொக்குன்னு வரல. நறுக்குன்னு வந்துச்சு, பச்சைக் குச்சி மாதிரி. அவன் மூஞ்சில வெளிச்சம் வரல. என்னையவே பாத்தான்.  அப்புறம் எந்திரிச்சி, வலது கையப் பனியனுக்குள்ள சொருகிட்டு, எடது கையாலயே பாடப் போயி ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்தான். ஜெயிச்சிட்டோம். கோப்பையத் தூக்கச் சொன்னா ஒத்தக் கையால தூக்குதான், நீங்க எல்லாரும் அத ஸ்டைலுன்னு நெனைச்சி ஸ்டேட்டஸ் வச்சிய. நானும் வச்சேன்.

பதினொண்ணு அம்பதுக்கு லைட்டு அணைஞ்சிச்சு. டாக்டர் வெளிய வந்தாரு, மாஸ்க்க தாடைக்குக் கீழ எறக்கி விட்டு, தலையில தொப்பி பதிஞ்ச கோடு. அக்கா எந்திரிச்சதுல அரணாக்கயிறு கீழ உழுந்துச்சு, எடுத்து என் கையிலயே வச்சிக்கிட்டேன். எலும்பு நல்லா உக்காந்துட்டும்மா, ரெண்டு ஸ்க்ரூவும் நல்லா புடிச்சிருக்கு, இனி கழலாதுன்னாரு. அக்கா கும்புட்டா. நரம்பு அறுந்து போவல, ஆனா ரொம்ப இழுபட்டுத் தடிச்சிப் போயிருக்கு, ஆறு மாசம் ஒரு வருசம் பாப்போம், முழுசா வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், பாதி வந்தாலே பெரிசுன்னாரு. அக்கா கும்புட்ட கைய எறக்கல. அப்புறம் அவரு போறதுக்குத் திரும்புனவரு நின்னு, ஒண்ணு கேக்கணும்மா, அந்தப் பையன் மரத்துல சாஞ்சி ஏத்துனேங்கான், அப்படி ஏத்துனா விளிம்பு இந்த மாதிரி ஒடஞ்சி உள்ள போவாது, எவனோ காலு குடுத்து நல்ல பலமா இழுத்திருக்கான், அது யாருன்னு கண்டுபுடிச்சிச் சொல்லுங்க, இன்னொரு பயலுக்கு இதப் பண்ணிரக் கூடாதுன்னாரு. அவரு போயிட்டாரு. அக்கா என்னைய பாத்து, யாரு எபி இழுத்தது, அந்தச் செட்டிவிளைக்காரனாங்கா. வாயில ஏதாவது வரும்னு பாத்தேன். எப்பமும் வரும்லா. எங்க அப்பா செருப்பக் கழட்டும்போது வரும், வாத்தியாரு வெளிய போன்னும்போது வரும். ஒண்ணும் வரல. அந்தப் பெரியவரு மறுபடியும் ஒறங்கிட்டாரு. மக்கா, ஒங்ககிட்ட ஒரு கத சொல்லி வச்சிருக்கேன், தொரைதான் இழுக்கச் சொன்னான், கோப்பைக்காவ இழுத்தேன்னு. குரூப்புல எல்லாவனும் தலையாட்டுனிய. அது பொய். அக்காகிட்ட சொன்னத அப்படியே ஒங்களுக்கும் சொல்லுதேன்: அக்கா, நான்தான் இழுத்தேன். அவன் மூணு தரம் வேணாம்னான். ஜெயிக்கதுக்காவ இழுக்கல. அவன் வெளிய போனா அந்த செலக்டர் எந்திரிச்சிப் போயிருவாரு, அதுக்கப்புறம் என் ஆட்டத்தப் பாக்க அங்க ஆளு இருக்காது. அதுக்காவத்தான் இழுத்தேன்.